குடியொப்பத்திற்கு இலக்கணம் வகுத்த சாரா வாம்பா அம்மையார்

இரண்டு அரசுகள் ஒரு நிலத்திற்காக வழக்காடுகின்றன. அந்நிலத்தில் வாழும் மக்களையே கேட்டுவிடுவோம் என்று யாராவது ஒருவர் எழுந்து சொன்னால் சபையில் கைதட்டல் கிடைக்கும். ஆனால் எப்படிக் கேட்பது? யாரைக் கேட்பது? யார் முன்னிலையில் கேட்பது? மனத்தில் உள்ளதைச் சொன்னவனை மறுநாள் காலையில் யார் காப்பது? இப்படி ஒன்றன்பின் ஒன்றாகக் கேள்விகள் கிளம்பும்போதுதான் காரியத்தின் கடினம் தெரியவரும். இந்தக் கேள்விகளுக்கு விடை தேடுவதிலேயே தம் வாழ்நாளைக் கழித்த ஒரு மாதரசியைப் பற்றி இவ்விதழில் எழுத முற்படுகின்றோம்.

சாரா வாம்பா என்ற பெயர் நம் வாசகர்களுள் பலருக்குப் புதிதாக இருக்கலாம். ஜெனீவாவிலும் வாஷிங்டனிலும் லீமாவிலும் அப்பெயரை அறியாத ராஜதந்திரிகள் அக்காலத்தில் இல்லை. குடியொப்பம் என்று நாம் சொல்லும் பொதுஜன வாக்கெடுப்பை ஒரு தேசத்தின் எல்லைத் தகராறில் எப்படி நடத்துவது என்பதில் அவருக்கு நிகராக அறிந்தவர் அன்று வேறொருவர் இருந்ததாக நாம் படித்ததில்லை.

அம்மையார் 1882-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அமெரிக்காவில் ஒஹையோ மாகாணத்தின் சின்சினாட்டி நகரில் பிறந்தார். தகப்பனார் யூஜின் வாம்பா பெயர்பெற்ற சட்ட அறிஞர். பின்னாளில் ஹார்வர்டு சர்வகலாசாலையில் சட்டப் பேராசிரியராக அமர்ந்தவர். அக்காலத்து ஹார்வர்டில் பெண்களுக்கு இடமில்லை. அதன் பக்கத்திலேயே பெண்களுக்கென அமைந்த ராட்கிளிஃப் கல்லூரியில் படித்து 1902-இல் பட்டம் பெற்றார். சட்டப் புத்தகங்கள் நிறைந்த வீட்டில் வளர்ந்தவருக்கு அரசியல் சாத்திரத்தில் நாட்டம் உண்டானதில் வியப்பில்லை. எனினும் அவரை இத்துறைக்குத் தள்ளியது புத்தகம் மட்டுமன்று என்று நாம் எண்ணுகின்றோம்.

அம்மையார் வாழ்ந்த மாசசூஸெட்ஸ் மாகாணத்தில் பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்ற இயக்கம் அப்போது நடந்துகொண்டிருந்தது. அதில் அவரும் உழைத்தார். 1915-இல் அந்த விஷயத்தை முடிவு செய்ய மாகாணத்தில் ஒரு வாக்கெடுப்பே நடந்தது. பெண்களுக்கு உரிமை கொடுக்கலாமா என்று ஆண்களை மட்டும் கேட்டார்கள்! பெரும்பான்மை ஆண்கள் வேண்டாமென்று சொல்லிவிட்டனர். யாரைக் கேட்பது என்பதிலேயே பாதி விடை அடங்கிவிடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேறென்ன வேண்டும்?

1917-இல் முதல் உலகப் போர் உச்சத்தில் இருந்தது. அமெரிக்க ஜனாதிபதி வில்சன் சுயநிர்ணயத்தைப் பற்றிப் பேசலானார். போருக்குப் பின் எந்த நிலம் யாருக்கு என்று மக்களைக் கேட்டு முடிவு செய்வது என்றால், இதற்குமுன் உலகில் யாராவது அப்படிக் கேட்டதுண்டா, கேட்டபோது என்ன நடந்தது என்ற விவரம் வேண்டுமல்லவா? அந்த வேலையை அம்மையார் மேற்கொண்டார். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் 1791-இல் அவிஞோன் பகுதியில் எடுத்த வாக்கிலிருந்து தொடங்கி, ஏறக்குறைய நூறாண்டுக் காலத்துக் குடியொப்பங்களின் பத்திரங்களையெல்லாம் தேடித் தொகுத்தார். 1920-இல் வெளியான அந்நூல் ஆயிரம் பக்கத்துக்கு மேற்பட்டது.

அந்நூல் ஆராயும் பழைய வாக்கெடுப்புகளில் இரண்டை மட்டும் இங்கே சொல்ல விரும்புகிறோம். 1860-இல் சவாய் பிரதேசத்தைப் பிரான்சுடன் சேர்ப்பதா என்று கேட்டபோது ஆம் என்றவர் 1,30,533 பேர். இல்லை என்றவர் 235 பேர். 1905-இல் நார்வே மக்களை ஸ்வீடனிலிருந்து பிரிவதா என்று கேட்டபோது ஆம் என்றவர் 3,68,208 பேர். இல்லை என்றவர் 184 பேர். எண்களை மட்டும் பார்த்தால் இரண்டும் உடன்பிறப்புகள் போலத் தோன்றும். ஆனால் சவாயில், நிலத்தைக் கைமாற்றுவது என்று அரசர்கள் முன்பே பேசி முடித்துவிட்டார்கள். இல்லை என்ற சீட்டு சாவடிகளில் கிடைப்பதே அரிதாக இருந்தது. நார்வேயிலோ மக்கள் ஒரே மனத்தோடு இருந்தார்கள். வாக்குரிமை இல்லாத பெண்களும் தாமாகவே வீடு வீடாகச் சென்று லட்சக்கணக்கில் கையொப்பம் திரட்டிக் கொடுத்தார்கள். ஆகையால் ஒரு வாக்கெடுப்பின் நேர்மையை அதன் முடிவை வைத்து அளக்க முடியாது. அதற்கு முந்திய நாட்களில் அந்த ஊர் தெருவில் யார் தடியேந்தி நின்றார்கள் என்று பார்த்தால்தான் தெரியும்.

போர் முடிந்து வெர்சேல்ஸ் உடன்படிக்கை கையொப்பமாயிற்று. ஐரோப்பாவில் பல இடங்களில் குடியொப்பம் நடத்த ஏற்பாடாயிற்று. டென்மார்க்குக்கும் ஜெர்மனிக்கும் இடையிலுள்ள ஷ்லெஸ்விக்கில் 1920 பிப்ரவரியிலும் மார்ச்சிலும், கிழக்குப் பிரஷ்யாவின் அலென்ஸ்டைனில் அவ்வாண்டு ஜூலையிலும், ஆஸ்திரியாவின் கிளாகன்ஃபர்ட்டில் அக்டோபரிலும், மேல் சைலீஷியாவில் 1921 மார்ச்சிலும் மக்கள் வாக்களித்தனர். ஆண்களைப் போலவே பெண்களும் வாக்களித்தனர். அமெரிக்கா முழுவதிலும் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது 1920 ஆகஸ்டில்தான். ஷ்லெஸ்விக் கிராமத்துக் குடியானவப் பெண் அதற்குச் சில மாதங்கள் முன்பே தன் நாடு எதுவென்று சீட்டுப் போட்டுவிட்டாள்.

அம்மையார் அந்நாட்களில் ஜெனீவாவில் சர்வதேச சங்கத்தின் செயலகத்தில் சிலகாலம் பணிபுரிந்தார். (சர்வதேச சங்கம் என்பது ஐக்கிய நாடுகள் சபை தோன்றுவதற்கு முன் உலக நாடுகள் கூடிய சபை.) பின்னர், வாக்கெடுப்பு நடந்த பிரதேசங்களுக்கு நேரில் பயணம் செய்து இரு தரப்பாரிடமும் விசாரித்தார். அங்கே அவர் கண்ட வேறுபாடு முக்கியமானது. ஷ்லெஸ்விக்கில் ஜெர்மன் துருப்புகள் முன்கூட்டியே வெளியேறின. சர்வதேச ஆணைக்குழு ஒன்று ஆட்சியை ஏற்று, வெளிநாட்டுத் துருப்புகள் அமைதி காக்க, வாக்கெடுப்பு நடந்தது. வடபகுதியில் நூற்றுக்கு எழுபத்தைந்து பேர் டென்மார்க் என்றார்கள்; அதற்குத் தெற்கேயுள்ள பகுதியில் நூற்றுக்கு எண்பது பேர் ஜெர்மனி என்றார்கள். எல்லை வரையப்பட்டது. அந்த எல்லை பின்னர் வந்த பெரும் போரையும் தாங்கி நின்றது. மேல் சைலீஷியாவிலோ நிலக்கரியும் இரும்பும் இருந்தன. ஆகவே பகையும் இருந்தது. வாக்கெடுப்புக்கு முன்னும் பின்னும் கலகம் மூண்டது. ஜெர்மனிக்கு ஏழு லட்சத்துக்கு மேலும், போலந்துக்கு நான்கு லட்சத்து எழுபதினாயிரத்துக்கு மேலும் வாக்குகள் விழுந்தன. இறுதியில் நிலம் இரண்டாகப் பங்கிடப்பட்டது.

இத்தகைய அறிவு கைவந்த நிலையில் அம்மையார் 1925-இல் தென் அமெரிக்காவுக்குச் சென்றார். சிலி நாடும் பெரு நாடும் 1879-இல் தொடங்கிய போரில் சிலி வென்று, டாக்னா, அரிக்கா என்னும் இரு மாகாணங்களைப் பிடித்துக்கொண்டது. பத்தாண்டு கழித்துக் குடியொப்பம் நடத்தி முடிவு செய்வோம் என்று 1883-இல் எழுதிய உடன்படிக்கை சொன்னது. பத்தாண்டு கழிந்தது, நாற்பதாண்டும் கழிந்தது, வாக்கெடுப்பைக் காணோம்! கடைசியில் 1925-இல் அமெரிக்க ஜனாதிபதி கூலிட்ஜ் நடுவராக இருந்து, வாக்கெடுப்பு நடக்கட்டும் என்று தீர்ப்புச் சொன்னார். முதல் உலகப் போரில் அமெரிக்கப் படைகளை நடத்திய ஜெனரல் பெர்ஷிங்கே ஆணைக்குழுவின் தலைவராக அரிக்காவில் வந்து இறங்கினார். பெரு அரசாங்கம் அம்மையாரைத் தனக்கு ஆலோசகராக அமர்த்திக்கொண்டது.

இங்கே ஒரு வார்த்தை. ஒரு தரப்பிடம் சம்பளம் பெற்று ஆலோசனை சொல்பவர் நடுநிலையாளர் ஆகமாட்டார். அந்த ஓராண்டுக் காலம் அவர் பெருவின் வழக்கையே பேசினார் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கே அவர் கண்ணால் கண்ட உண்மையை ஆணைக்குழுவும் பின்னர் ஒப்புக்கொண்டது. போலீஸும் நீதிமன்றமும் உத்தியோகஸ்தர்களும் சிலியின் கையிலேயே இருந்தன. பெருவுக்கு வாக்களிக்கக்கூடியவர்கள் அடிக்கப்பட்டனர், ஊரைவிட்டு விரட்டப்பட்டனர். பெர்ஷிங்கின் கையில் சட்டம் இருந்தது, தடி இல்லை. உடல்நலம் குன்றி 1926 ஜனவரியில் அவர் திரும்பிப்போனார். அவருக்குப் பின் வந்த ஜெனரல் லாஸிட்டர் அவ்வாண்டு ஜூனில், நேர்மையான வாக்கெடுப்பு இங்கே நடத்த இயலாது என்று ஆணைக்குழுவில் தீர்மானம் நிறைவேற்றி மூட்டை கட்டினார். 1929-இல் இரு நாடுகளும் தாமே பேசி, டாக்னா பெருவுக்கும் அரிக்கா சிலிக்கும் என்று பங்கிட்டுக்கொண்டன. மக்களை ஒருவரும் கேட்கவில்லை.

அரிக்காவில் கண்ட தோல்வியே அம்மையாரின் தலையாய பாடமாயிற்று. 1927-இல் ஹேக் நகரில் சர்வதேசச் சட்டக் கல்விக்கழகத்தில் அவர் விரிவுரை நிகழ்த்தினார். 1933-இல் போருக்குப் பிந்திய குடியொப்பங்களைப் பற்றி இரண்டு பெரும் பாகங்களில் நூல் எழுதினார். அவருடைய கொள்கையின் சாரம் இதுதான்: வழக்காடும் இரு தரப்பில் எவர் கையிலும் அந்தப் பிரதேசத்தின் காவல் இருக்கக்கூடாது. வாக்கெடுப்பு நாளன்று நான்கு வெளிநாட்டார் வந்து பெட்டியைப் பார்த்துவிட்டுப் போவது மேற்பார்வை ஆகாது. பல மாதங்களுக்கு முன்னரே நடுநிலை ஆட்சி வர வேண்டும். போலீஸ் அதன்கீழ் இருக்க வேண்டும். வேண்டுமானால் அழைக்கத்தக்க தூரத்தில் நடுநிலைப் படை நிற்க வேண்டும். வாக்காளர் பட்டியலை ஆணைக்குழுவே தயாரித்து, ஆட்சேபம் கேட்டு, திருத்தி வெளியிட வேண்டும். சீட்டு இரகசியமாக இருக்க வேண்டும்.

நாம் அறிந்த சில சங்கங்களின் ஆண்டுப் பொதுக்கூட்டங்களில், தலைவர் முன்னால் அமர்ந்திருக்க, கையைத் தூக்கி வாக்களிக்கும் வழக்கம் உண்டு. தூக்காத கையை யார் யார் கவனிக்கிறார்கள் என்பதை அறிந்தே பல கைகள் உயர்கின்றன. நூறு பேர் கூடும் மண்டபத்திலேயே இப்படியென்றால், லட்சக்கணக்கான மக்கள் நாளை எந்த அரசின்கீழ் வாழ்வது என்று முடிவுசெய்யும் இடத்தில் எப்படியிருக்கும்!

அம்மையாரின் கொள்கையைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு விரைவிலேயே வந்தது. அதுதான் சார் பிரதேச வாக்கெடுப்பு.

சார் என்பது பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் நடுவே உள்ள நிலக்கரி நிலம். எட்டு லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள், பலர் சுரங்கத் தொழிலாளிகள், பேச்சு ஜெர்மன். போரில் தன் சுரங்கங்கள் பாழானதற்கு ஈடாக அங்குள்ள சுரங்கங்களைப் பிரான்சு பெற்றது. ஆட்சியைப் பதினைந்து ஆண்டுக்குச் சர்வதேச சங்கம் ஏற்றது. பதினைந்தாண்டு முடிந்தவுடன் மக்கள் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: சர்வதேச சங்கத்தின் ஆட்சி நீடிப்பது, பிரான்சுடன் சேர்வது, ஜெர்மனியுடன் சேர்வது.

1932 வரை இதில் ஐயமே இருக்கவில்லை. ஜெர்மானியர் ஜெர்மனிக்குத்தான் போவார்கள் என்று எல்லோரும் எண்ணியிருந்தனர். 1933 ஜனவரியில் ஹிட்லர் பதவிக்கு வந்தார். அங்கே யூதர்களும் சோஷலிஸ்டுகளும் கம்யூனிஸ்டுகளும் படும் பாட்டைக் கண்டு பலர் எல்லை தாண்டிச் சாருக்கே ஓடிவந்தார்கள். அதுவரை தாய்நாடு என்று வாய்நிறையச் சொன்னவர்களில் ஒரு பகுதியார், இப்போதைக்குச் சங்கத்தின் ஆட்சியே நீடிக்கட்டும் என்று பேசலாயினர். மாக்ஸ் பிரௌன் என்ற சோஷலிஸ்ட் தலைவர் அந்த அணியின் முன்னணியில் நின்றார். எதிரே ஜெர்மன் முன்னணி என்ற பெயரில் நாஜிகளின் அமைப்பு வீதிக்கு வீதி, வீட்டுக்கு வீடு கண்காணித்தது. யார் எந்தப் பத்திரிகை வாங்குகிறார், யார் கொடி கட்டவில்லை என்பதெல்லாம் குறிக்கப்பட்டது. உள்ளூர்ப் போலீஸிலேயே பலர் அவர்கள் பக்கம்.

இந்த நிலையில் 1934-இல் சர்வதேச சங்கம் மூவர் கொண்ட குடியொப்ப ஆணைக்குழுவை நியமித்தது. ஸ்விட்சர்லாந்து, ஸ்வீடன், ஹாலந்து ஆகிய நாடுகளைச் சேர்ந்தவர்கள் அம்மூவர். அவர்களுக்குத் தொழில்நுட்ப ஆலோசகராகவும் துணை அங்கத்தினராகவும் சாரா வாம்பா அம்மையார் அமர்ந்தார். வாக்கெடுப்பு விதிகளை வரைந்ததில் அவர் கை பெரிது. புத்தகத்தில் எழுதியதை நிலத்தில் நடத்திக்காட்டும் பொறுப்பு ஐம்பத்திரண்டு வயதில் அவர் தலையில் விழுந்தது.

முதல் சிக்கல் பட்டியல். உடன்படிக்கை கையொப்பமான 1919 ஜூன் 28-ஆம் தேதியன்று சாரில் குடியிருந்தவர்களுக்கே வாக்கு; வாக்கெடுப்பு நாளில் வயது இருபது நிறைந்திருக்க வேண்டும்; ஆண் பெண் பேதமில்லை. ஒரே ஒரு நாளில் எவரெவர் அங்கே குடியிருந்தனர் என்பதைப் பதினைந்து ஆண்டு கழித்து எப்படிக் கண்டறிவது? பழைய குடிப்பதிவேடுகளைத் தூசி தட்டி எடுத்தார்கள். வேறு நாடுகளுக்குக் குடிபோனவர்களுக்கும் உரிமை உண்டு. அமெரிக்காவிலிருந்துகூடக் கப்பலேறி வந்து வாக்களித்தவர்கள் உண்டு. இவர் பெயரை நீக்கு, அவர் பெயரைச் சேர் என்று பல்லாயிரம் விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. ஜெர்மன் முன்னணி இந்த வேலையில் மிகச் சுறுசுறுப்பு. தகராறுகளைத் தீர்க்க இத்தாலியர் ஒருவரைத் தலைவராகக் கொண்டு தனி நீதிமன்றமே அமைந்தது. கண்ணைக் கெடுக்கும் இந்தக் குமாஸ்தா வேலையில்தான் ஒரு தேர்தலின் மானம் இருக்கிறது. வாக்களிக்கும் நாளின் ஆரவாரத்தைப் படம் பிடிப்பவர்கள் இதைப் படம் பிடிப்பதில்லை.

அடுத்த சிக்கல் காவல். சங்கத்தின் சார்பில் சாரை ஆண்ட குழுவின் தலைவர் ஜெஃப்ரி நாக்ஸ் என்ற ஆங்கிலேயர், உள்ளூர்ப் போலீஸை நம்பமுடியாது என்று திரும்பத் திரும்ப முறையிட்டார். பிரெஞ்சுத் துருப்பை அழைத்தால் ஜெர்மனி கொதிக்கும். கடைசியில் 1934 டிசம்பரில், வழக்கில் தொடர்பில்லாத நாடுகளின் படையை அனுப்புவது என்று ஜெனீவாவில் முடிவாயிற்று. பிரிட்டனிலிருந்து 1,500, இத்தாலியிலிருந்து 1,300, ஸ்வீடனிலிருந்தும் ஹாலந்திலிருந்தும் இருநூற்றைம்பது வாக்கில், ஆக மொத்தம் 3,300 பேர் கொண்ட படை வந்து இறங்கியது. பிரிட்டிஷ் ஜெனரல் பிரிண்டு தளகர்த்தர். போர் புரிவதற்கன்றி வாக்கைக் காப்பதற்கென்றே பல நாட்டுச் சிப்பாய்கள் ஒரு கொடியின்கீழ் கூடியது புதுமையான காட்சி. அவர்கள் துப்பாக்கியால் சுடவேண்டிய தேவை நேரவில்லை. தெருவில் நடந்து சென்றதே போதுமானதாயிருந்தது.

1935 ஜனவரி 13, ஞாயிற்றுக்கிழமை. எண்ணூறுக்கு மேற்பட்ட சாவடிகள். ஒவ்வொன்றிலும் தலைமை அதிகாரி வெளிநாட்டவர். ஹாலந்து, ஸ்விட்சர்லாந்து, லக்ஸம்பர்க் போன்ற நாடுகளிலிருந்து தொள்ளாயிரத்துக்கு மேற்பட்டோர் இதற்கென்றே வந்திருந்தனர். சாவடிக்குள் யாரும் தம் கட்சியைக் காட்டும் சின்னமோ சல்யூட்டோ சொல்லோ கூடாது. சீட்டு ஒரே மாதிரி. உறை ஒரே மாதிரி. நோயாளிகளையும் முதியவர்களையும் தூக்கி வந்து வாக்களிக்கச் செய்தார்கள். பதிவானவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேர் வாக்களித்துவிட்டனர். பெட்டிகளை அங்கங்கே திறக்காமல், படைக் காவலோடு சார்புரூக்கன் நகருக்குக் கொண்டுவந்து, வார்ட்பர்க் என்னும் மண்டபத்தில் வைத்து, வெளிநாட்டு அதிகாரிகளே இரவு முழுதும் எண்ணினார்கள். 15-ஆம் தேதி காலையில் ஆணைக்குழு முடிவை அறிவித்தது.

ஜெர்மனிக்கு 4,77,000-க்கு மேல். சங்கத்தின் ஆட்சி நீடிக்க 46,000-க்கு மேல். பிரான்சுக்கு ஏறத்தாழ 2,000. அதாவது நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் ஹிட்லர் ஆளும் ஜெர்மனிக்கே சீட்டுப் போட்டிருந்தார்கள்.

இந்த முடிவை என்னவென்று சொல்வது? சீட்டு இரகசியமாயிருந்தது, எண்ணிக்கை நேர்மையானது, இதை எதிர்த்தவர்களும் மறுக்கவில்லை. ஆனால் சாவடிக்கு வெளியே ஓராண்டாக நடந்த பயமுறுத்தலைச் சாவடிக்குள் வைத்த மறைப்பு நீக்கிவிடுமா? தோற்றால் நம்மைக் காப்பவர் யார் என்று அஞ்சியவன் மறைப்புக்குள்ளும் அஞ்சித்தானே சீட்டைக் குறித்திருப்பான்? மறுபுறம், சுரங்கத் தொழிலாளிக்குத் தன் மொழி பேசும் தாய்நாட்டோடு சேரும் ஆவல் உண்மையாகவே இருந்தது. ஹிட்லர் இன்று வந்தார், நாளை போவார், ஜெர்மனி நிலைக்கும் என்று எண்ணி வாக்களித்தவர் பலர். நம் கருத்தில், பயம் பல்லாயிரம் வாக்குகளை மாற்றியிருக்கக்கூடும், முடிவையே மாற்றியிருக்காது. ஆயினும் அந்த நாற்பத்தாறாயிரம் பேரை நினைக்கும்போது நமக்கு மனம் கனக்கிறது. அவ்வளவு கண்காணிப்பின் நடுவே அவர்கள் தம் மனத்திலுள்ளதைக் குறித்துவிட்டு வந்தார்கள் என்றால், அம்மையாரின் விதிகள் கொடுத்த மறைப்பை நம்பித்தானே செய்திருப்பார்கள்!

அவர்களுக்கு நேர்ந்தது என்ன? ஓராண்டுக் காலம் எவரையும் மதத்தாலோ இனத்தாலோ மொழியாலோ இடர்ப்படுத்துவதில்லை என்று ஜெர்மனி வாக்குக் கொடுத்திருந்தது. அதற்குள் சொத்தை விற்றுக்கொண்டு வெளியேறலாம். அதை நம்பாமல் சில ஆயிரம் பேர் உடனே பிரான்சுக்குள் ஓடினர். மாக்ஸ் பிரௌனும் தப்பிச் சென்றார். 1935 மார்ச் 1-ஆம் தேதி சார் ஜெர்மனியின் கைக்குப் போயிற்று. நடுநிலைப் படை அதற்கு முன்பே ஊர் திரும்பிவிட்டது. வாக்கெடுப்பு வரை காவல் என்று எழுதினார்கள். வாக்கெடுப்புக்குப் பிறகு யார் காவல் என்று எழுதவில்லை. அம்மையார் 1940-இல் சாரைப் பற்றித் தனி நூல் வெளியிட்டார். நாஜிகளின் பயமுறுத்தலை அதில் அவர் மறைக்கவில்லை.

காவல் யாருடையது என்ற கேள்வி அவர் காலத்தோடு தீரவில்லை. நமக்கு அண்டையிலேயே கிழக்குத் திமோரில் 1999 ஆகஸ்ட் 30-ஆம் தேதி ஐக்கிய நாடுகள் சபை வாக்கெடுப்பு நடத்தியது. பட்டியல், சீட்டு, எண்ணிக்கை எல்லாம் சபையின் கையில். காவல் மட்டும் இந்தோனேசியாவின் கையில் விடப்பட்டது. நூற்றுக்கு எழுபத்தெட்டுப் பேருக்கு மேல் பிரிவினை கேட்டனர். முடிவு வெளியான பின் ஊர்கள் எரிந்தன; சர்வதேசப் படை வந்து இறங்கியது செப்டம்பர் 20-ஆம் தேதிதான். அரிக்காவில் பெர்ஷிங் பட்ட பாட்டைப் படித்தவர்களுக்கு இது அதிசயமாயிராது. 1963-இல் சபாவிலும் சரவாக்கிலும் மக்களின் கருத்தை அறிய ஐ.நா. சபையின் மைக்கேல்மோர் குழு வந்ததை நம் முதியவர்கள் நினைவு வைத்திருப்பார்கள். அது குடியொப்பம் அன்று. நடந்து முடிந்த தேர்தல்களை ஆராய்ந்து சில வாரங்களில் கருத்துச் சொன்ன விசாரணை. அம்மையார் அப்போது உயிரோடில்லை. இருந்திருந்தால் சில வாரம் போதாது என்று நிச்சயம் முணுமுணுத்திருப்பார்!

சாருக்குப் பின் அவர் பெயர் எங்கும் பரவியது. அவர் வகுத்த முறையின் பெயரும் பரவியது. ஆனால் எப்படிப்பட்ட கைகளுக்குப் போயிற்று பாருங்கள்! 1938 ஏப்ரலில் ஆஸ்திரியாவை விழுங்கிய ஹிட்லர் அங்கே ஒரு வாக்கெடுப்பு நடத்தினார். சீட்டில் ஆம் என்பதற்குப் பெரிய வட்டம், இல்லை என்பதற்குச் சிறிய வட்டம். 99 சதவீதத்துக்கு மேல் ஆம் என்று அறிவிப்பு. அவ்வாண்டு செப்டம்பரில் மியூனிக்கில் செக்கோஸ்லோவாக்கியாவைத் துண்டாடியபோது, சில பகுதிகளில் சார் வாக்கெடுப்பின் நிபந்தனைகளை ஆதாரமாகக் கொண்டு குடியொப்பம் நடக்கும் என்று உடன்படிக்கையிலேயே எழுதினார்கள். அது நடக்கவேயில்லை.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் கிரீஸ் நாட்டின் 1946-ஆம் ஆண்டுத் தேர்தலைப் பார்வையிட பிரிட்டன், பிரான்சு, அமெரிக்கா ஆகிய நாடுகள் அனுப்பிய குழுவுக்கு அம்மையார் ஆலோசகராகச் சென்றார். இடதுசாரிகள் பகிஷ்கரித்த தேர்தல் அது. உள்நாட்டுப் போர் அதைத் தொடர்ந்தது.

கடைசியாக வந்தது காஷ்மீர். 1948 ஏப்ரல் 21-ஆம் தேதி ஐ.நா. பாதுகாப்புச் சபை, இந்தியாவா பாகிஸ்தானா என்பதைக் குடியொப்பத்தால் முடிவு செய்யலாம் என்று தீர்மானம் செய்தது. 1949 ஜனவரி 1-ஆம் தேதி போர் நிறுத்தம் வந்தது. மார்ச்சில், குடியொப்ப நிர்வாகியாக அட்மிரல் நிமிட்ஸ் நியமிக்கப்பட்டார். பசிபிக் சமுத்திரத்தில் ஜப்பானியக் கடற்படையை முறியடித்த அதே நிமிட்ஸ்தான். ஜப்பானியர் காலத்தை அனுபவித்த நம் பெரியவர்களுக்கு அப்பெயரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. கடலறிந்த அவருக்கு வாக்குப்பெட்டி அறிந்த ஆலோசகராக, அறுபத்தேழு வயதான சாரா வாம்பா அம்மையார் அழைக்கப்பட்டார்.

பட்டியல் தயாரிப்பதற்கு முன் துருப்புகள் விலக வேண்டும். யாருடைய துருப்பு முதலில், எவ்வளவு, எந்த வரிசையில் என்பதில் இரு அரசுகளும் ஒத்துப்போகவில்லை. ஒவ்வொன்றும் தன் நியாயத்தைச் சொல்லிற்று. மத்தியஸ்தர்கள் மாறி மாறி வந்தார்கள். நிமிட்ஸ் காத்திருந்து காத்திருந்து 1953-இல் பொறுப்பிலிருந்து விலகினார். அந்த வாக்கெடுப்பு நடக்கவேயில்லை. காவல் யாருடையது என்ற முதல் கேள்வியிலேயே வண்டி நின்றுவிட்டது. அரிக்காவில் தொடங்கிய கேள்வியே இமயமலை அடிவாரத்திலும் அம்மையாரை எதிர்கொண்டது.

அம்மையார் மணம் செய்துகொள்ளவில்லை. ஹார்வர்டுக்கு அருகிலுள்ள கேம்பிரிட்ஜ் நகரில் அவர் கடைசி நாட்கள் கழிந்தன.

அந்த நாட்களில் சார் மறுபடியும் செய்தியில் வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரான்சின் செல்வாக்கில் தனியாட்சியாக இருந்த சார் மக்களிடம், ஐரோப்பியச் சட்டத்தின்கீழ்த் தனிப் பிரதேசமாக இருக்க விருப்பமா என்று 1955 அக்டோபர் 23-ஆம் தேதி கேட்டார்கள். இம்முறையும் சர்வதேச ஆணைக்குழு மேற்பார்வையிட்டது. நூற்றுக்கு அறுபத்தேழு பேருக்கு மேல் வேண்டாம் என்றார்கள். ஹிட்லர் இல்லாத ஜெர்மனியோடு 1957 ஜனவரி 1-ஆம் தேதி சார் சேர்ந்தது. இம்முறை ஒருவரும் எல்லை தாண்டி ஓடவேண்டியிருக்கவில்லை. வாக்கெடுப்பு நடந்து மூன்று வாரங்கள் கழிந்து, 1955 நவம்பர் மாதத்தில், சாரா வாம்பா அம்மையார் தம் எழுபத்துமூன்றாம் வயதில் காலமானார்.